கவுன்டர் வரைக்கும் அக்கா

டெய்லரின் அந்த நீல ஃபைலைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மனிதருக்கு மனசு ஆறாது. அப்படி ஒரு ஃபைல். ரெட்டைப் பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடத்தில் கெஞ்சி வாங்கிய கடிதம், 'பிள்ளைகளை அவர்கள் அப்பா எல்லை தாண்டிக் கூட்டி வருவதில் எனக்குப் பூரண சம்மதம்' என்று அம்மாக்காரி முத்திரையோடு அனுப்பிய சம்மதக் கடிதம், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். உறை நழுவிவிடக் கூடாதே என்று ஓரத்தில் தையல் வேறு போட்டிருந்தார். பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறாரா, கேஸ் நடத்தப் போகிறாரா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

வந்தால் வரட்டும். காரணம் இல்லாமலா? பிள்ளைகளின் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒப்பந்தம் முடியும் முன்னால் இந்தப் பக்கம் காலை வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். லீவு கேட்டால் அங்கே மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற ஆட்கள். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு பகல் வாங்கியிருந்தாள். அவள் அந்தப் பக்கமிருந்து பஸ்ஸில் எல்லைக்கு வந்து நிற்பாள். இவர்கள் விமானத்தில் இறங்கி, பஸ் பிடித்து, எல்லைக் கவுன்டரைத் தாண்டி அவளிடம் போய்ச் சேருவார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பூங்கா இருக்கிறதாம், ஊஞ்சலெல்லாம் இருக்கிறதாம். சாயங்காலம் அவள் நைட் டியூட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த ஒரு பகலுக்காகத்தான் இத்தனை பாடு.

விமான நிலையத்தில் டெய்லருக்கு முதல் ஏமாற்றம். கவுன்டரில் இருந்த பெண் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தாள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை ஓரக்கண்ணால் பார்த்தாள், சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டாள்.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான் சார். போகலாம்."

"சம்மதக் கடிதம் இருக்கு. முத்திரை எல்லாம் வாங்கியிருக்கு."

"உள்நாட்டு ஃபிளைட்டுக்கு அதெல்லாம் வேணாம் சார். எல்லையில கேப்பாங்க."

"ஒரு பார்வை பாத்துடுங்களேன்."

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். டெய்லர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஃபைலை மூடினார். ஆசை ஆசையாகச் சமைத்துவைத்து, வந்த விருந்தாளி பசியில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு.

பிள்ளைகளுக்கு வீட்டில் பெரியவ, சின்னவ என்றுதான் பெயர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு டீ ஆறுகிற நேரம்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு டீயை வைத்துக்கொண்டு சின்னவ செய்கிற ரகளை இருக்கிறதே, அடேங்கப்பா! ஜன்னல் சீட்டு ஏன் பெரியவளுக்கு? தலைவாரும்போது ஏன் அவளுக்கு முதலில்? நானும் ஒரு நாள் பெரியவளா இருக்கக் கூடாதா? விடிந்தால் இதே பஞ்சாயத்து. பெரியவ இதற்கெல்லாம் பதிலே சொல்ல மாட்டாள். சீட்டையும் விட்டுக்கொடுத்துவிடுவாள், சீப்பையும் விட்டுக்கொடுத்துவிடுவாள். ஒன்றே ஒன்றைத்தான் விடமாட்டாள், தங்கச்சியின் கையை. வாசலில் இறங்கினால் பிடிப்பாள், திரும்ப வீட்டுக்குள் வந்தால்தான் விடுவாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் தனித்தனி பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்த டீச்சர் ஒரே நாளில் தோற்றுப்போனார்.

விமானம் ஏறி மேகத்தைத் தாண்டியதும் பிள்ளைகளுக்குப் போரடித்துவிட்டது. டெய்லர் பெருமையாக ஃபைலைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டினார். கைக்குழந்தைகளாக இருந்தபோது எடுத்தவை, இன்னும் காலாவதி ஆகவில்லை.

"பாருங்க, எப்படி இருந்தீங்கன்னு. இது பெரியவ, இது சின்னவ."

சின்னவ மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பெரியவளின் பாஸ்போர்ட்டில் விரலை வைத்தாள்.

"இது நான்."

"இல்லடா கண்ணு, அது அக்கா."

"நான்தான்ப்பா. என் மச்சம் இருக்கு பாருங்க."

டெய்லர் சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. இடது புருவ ஓரத்தில் எள்ளளவுக்கு ஒரு புள்ளி. படம் வந்த நாளிலிருந்து அதை அச்சுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. பக்கத்தில் இருக்கிற சின்னவளின் புருவத்தைப் பார்த்தார். அதே இடத்தில் மச்சம், பிள்ளையோடு வளர்ந்து மிளகு அளவுக்கு உட்கார்ந்திருந்தது. பெரியவளின் புருவத்தில் ஒன்றுமில்லை.

எப்படி நடந்திருக்கும்? நடக்கவே முடியாதே! பிறந்த புதிதில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்ததால், டெய்லர் தன் தொழிலைக் காட்டி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே துணியில்தான் சட்டை. ஆனால் காலர் ஓரத்தில் பெரியவளுக்குச் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு, சின்னவளுக்கு நீல நூலில் ஒரு முடிச்சு. இன்றைக்குப் போட்டிருக்கிற சட்டை வரைக்கும் அந்த வழக்கம் மாறவில்லை. ஸ்டூடியோவிலிருந்து படம் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாரா என்ன? காலரைப் பார்த்தார். சிவப்பு முடிச்சுப் படத்தின் பின்னால் பெரியவ என்று எழுதினார், நீல முடிச்சுக்குச் சின்னவ என்று எழுதினார், விண்ணப்பத்தில் ஒட்டிவிட்டார். முகம் ஏமாற்றும், நூல் ஏமாற்றாது என்பது அவர் கட்சி. இப்போது நூலும் காலை வாரிவிட்டது.

விமானத்திலிருந்து எங்கே இறங்கி ஓட? மிச்ச நேரம் முழுக்க பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் வந்து, "பயமா இருக்கா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

எல்லைக்குப் போகிற பஸ்ஸில்தான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. நல்ல புத்தி என்று சொல்வதற்கில்லை. அந்தப் பக்கம் அவள் வந்து நின்றுகொண்டிருப்பாள். திருப்பி அனுப்பிவிட்டால் அந்த ஒரு பகலும் போய்விடும், அடுத்த லீவு எப்போதோ, யார் கண்டது? பெரியவளின் பாஸ்போர்ட்டில் சின்னவ முகம், சின்னவளின் பாஸ்போர்ட்டில் பெரியவ முகம். ஆளை மாற்றி நிறுத்திவிட்டால் தீர்ந்தது! யாருக்கு என்ன நஷ்டம்? பிறக்கும்போதே ஒன்றாகப் பிறந்தவர்கள்தானே?

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு விளையாட்டு விளையாடலாமா?" என்றார். "கவுன்டர்ல மட்டும் சின்னவதான் பெரியவ, பெரியவதான் சின்னவ. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். கவுன்டர் வரைக்கும்தான். சரியா?"

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அக்காவா? நிஜமாவா? அப்ப ஜன்னல் சீட்டு?"

"மாறி உக்காந்துக்கோ."

அடுத்த நிமிஷம் ஜன்னலோரம் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். பெரியவ நகர்ந்து இடம் விட்டாள். விளையாட்டு பிடிக்கவில்லையா என்று டெய்லர் கேட்டதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். தங்கச்சியின் கையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது இந்த மனிதர் நின்று நிதானமாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால்தானே!

எல்லைக் கட்டடத்தில் வரிசை நீளமாக இருந்தது. கவுன்டருக்கு அப்பால் ஒரு கூடம், கூடத்துக்கு அப்பால் அந்தப் பக்கத்துக் கவுன்டர், அதற்கும் அப்பால் கண்ணாடிச் சுவர். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், ஆஸ்பத்திரிச் செருப்போடும் தோளில் ஒரு பெரிய பையோடும், எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளின் உயரத்துக்கு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. டெய்லரும் அவளைக் காட்டவில்லை. காட்டினால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவார்கள்.

கவுன்டரில் ஒரு அம்மாள், கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி. டெய்லர் ஃபைலை வைத்ததும் அவர் உறை உறையாகப் புரட்டிப் பார்த்தார். ஓரத்துத் தையலைத் தடவியும் பார்த்தார்.

"யாரு சார் இது தச்சது?"

"நான்தான் மேடம். டெய்லர்."

"இந்த மாதிரி எல்லாரும் கொண்டாந்தா எனக்குத் தலைவலியே வராது." சம்மதக் கடிதத்தை வரிவரியாகப் படித்தார். வேறு ஒரு நாளாக இருந்தால் டெய்லர் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். "மூத்தவ யாரு? முன்னாடி வாம்மா."

சின்னவ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனாள். அம்மாள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அடுத்து பெரியவளைப் பார்த்தார், அதற்கும் தலையை ஆட்டினார். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். டெய்லருக்கு மூச்சு வந்தது. அதோடு விட்டிருக்கலாம் அந்த அம்மாள். நல்ல மனசு கேட்கவில்லை, சின்னவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"நீதான் அக்காவா? தங்கச்சியப் பத்திரமாப் பாத்துக்கணும், தெரியுதா?"

அவ்வளவுதான். பெரியவ வெடித்துவிட்டாள்.

"அவ இல்ல! நான்தான் பாத்துக்கணும்! அம்மா என்கிட்டதான் சொல்லிட்டுப் போனாங்க! நீ பெரியவ, தங்கச்சியப் பாத்துக்கோன்னு என்கிட்டதான் சொன்னாங்க! அவ அக்கா ஆயிட்டா அம்மா என்னைத் திட்டுவாங்க!"

முத்திரை அந்தரத்தில் நின்றது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னவளிடம் குனிந்தார். "நீ சொல்லு கண்ணு. யாரு அக்கா?"

பாருங்கள், அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து கேட்ட பட்டம் அது. கையில் கிடைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பொய் சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம். அவள் அக்காவின் அழுகையைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அவதான். நான் கவுன்டர் வரைக்கும்தான் அக்கா. அப்பா சொன்னாங்க."

அம்மாளின் முகம் மாறிவிட்டது. சிரிப்பெல்லாம் போய்விட்டது. "சார், இவங்க யாரு பிள்ளைங்க?"

"என் பிள்ளைங்கதான் மேடம்! சத்தியமா என் பிள்ளைங்க!"

"உங்க பிள்ளைங்கன்னா எதுக்கு மாத்திச் சொல்லச் சொன்னீங்க? பிள்ளைங்கள மாத்திக் கூட்டிட்டுப் போறவங்கள நான் பாத்ததில்லன்னு நினைச்சீங்களா? இதுக்குத்தான் சார் இத்தன காகிதம் கேக்கறோம். உங்களக் கஷ்டப்படுத்தறதுக்கு இல்ல."

டெய்லர் கொட்டித் தீர்த்துவிட்டார். நூல், முடிச்சு, ஸ்டூடியோ, மச்சம் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னார். பிள்ளைகளின் காலரைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "தப்பு என்னுதுதான் மேடம். விமானத்துல வச்சுத்தான் தெரிஞ்சுது. உங்ககிட்ட உண்மையச் சொல்லியிருக்கணும். அவ ஒரே ஒரு பகல்தான் லீவு வாங்கியிருக்கா. அந்தா, கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறா பாருங்க." பிள்ளைகளுக்கு எதிரில் அழக் கூடாது என்று கூரையைப் பார்த்தார்.

அம்மாள் ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்துக் கவுன்டரோடு பேசினார். அங்கே ஒரு காவலர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் போய் அவளைக் கூட்டிவந்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. ஏதோ வில்லங்கம் என்று தூரத்திலிருந்தே தெரிந்திருக்குமே. அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டு, அவர்கள் ஃபோனை அவளிடம் கொடுத்தார்கள்.

"அம்மா, நான் எதையும் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க," என்றார் கவுன்டர் அம்மாள். "இந்த ரெண்டு பேர்ல பெரியவ யாரு?"

ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளைகள் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

"மச்சம் இருக்கிறவ சின்னவ மேடம். இன்னொருத்தி, அவ கையை விடாமப் பிடிச்சுட்டு நிக்கிறா பாருங்க, அவதான் பெரியவ. எதுக்கு மேடம் அழறா? என்ன ஆச்சு அவளுக்கு?"

அம்மாள் கவுன்டரின் மேலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியவளின் விரல்கள் தங்கச்சியின் மணிக்கட்டில் சிவக்கச் சிவக்க இறுகியிருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சார், நான் முத்திரை போட முடியாது. முகம் மாறியிருக்கற பாஸ்போர்ட்டுக்குப் போட்டா என் வேலை போயிடும், போடவும் கூடாது. ஊருக்குப் போய் ரெண்டையும் சரி பண்ணிட்டு வாங்க." டெய்லர் தலையைக் குனிந்தார். "ஆனா அந்த நடுக்கூடம் இருக்கே, அது காத்திருக்கறவங்களுக்குத்தான். நீங்க அங்க போய்க் காத்திருங்க. பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கட்டும். அந்தப் பக்கத்துல சொல்றேன், அவங்களையும் உள்ள விடுவாங்க. அவங்க வெளிய வந்ததாவும் கணக்கில்ல, நீங்க உள்ள போனதாவும் கணக்கில்ல. மஞ்சக் கோட்ட மட்டும் யாரும் தாண்டக் கூடாது. புரியுதா?"

புரியாமலா! கும்பிட்ட கையை இறக்க டெய்லருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் கூடத்தில் என்ன இருந்தது? வரிசையாக இரும்பு நாற்காலிகள், ஒரு தண்ணீர் மெஷின், மெதுவாகச் சுற்றுகிற ஒரு ஃபேன். ஊஞ்சலா, பூங்காவா? ஒரு மண்ணும் இல்லை. அவள் பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்த வேகத்தில் ஆஸ்பத்திரிச் செருப்பு ஒன்று பின்னால் தங்கிவிட்டது. முழங்காலில் விழுந்து இரண்டு பேரையும் சேர்த்து வாரிக் கட்டிக்கொண்டாள். யார் தலை, யார் கால் என்று தெரியவில்லை. சின்னவ ஒரே மூச்சில் விமானம், மேகம், ஜன்னல் சீட்டு, தான் அக்கா ஆனது எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டெய்லர் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"மன்னிச்சுடும்மா. எல்லாம் என்னால வந்த வினை. சிவப்பு முடிச்சுன்னு நம்பி ஒட்டிட்டேன். எப்படித் தப்பாச்சுன்னே தெரியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, என்னங்க! அன்னிக்கு சின்னவ சட்டையெல்லாம் பால் கக்கி வச்சுட்டாளே! ஸ்டூடியோக்காரன் வேற அவசரப்படுத்தினான். பெரியவ தூங்கிட்டு இருந்தா, அவ சட்டையக் கழட்டி இவளுக்குப் போட்டுப் படம் எடுத்தேன். அப்புறம் இவ சட்டைய அலசி, அங்கேயே ஃபேன்ல காயவச்சு அவளுக்குப் போட்டேன். நீங்க கடையப் பூட்டிட்டு அப்புறம்தானே வந்தீங்க!"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"முகத்தப் பாத்தா தெரியாதான்னு நினைச்சேன். யாராவது பெத்த பிள்ளைய காலரப் பாத்தா கண்டுபிடிப்பாங்க?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பால் வந்ததா என்பது வேறு கேள்வி. அவரும் சிரித்துவிட்டார். கவுன்டரிலிருந்து அம்மாள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பையிலிருந்து பன்னும் பழமும் வந்தன. சின்னவ மஞ்சள் கோட்டின் மேல் ஒரு காலை வைத்து, தாண்டாமல் நடந்து காட்டினாள். ஒரு கை அக்காவிடம் இருந்ததால் அவளும் கூடவே நடக்க வேண்டியிருந்தது. பெரியவ பன்னை ஒரு கையாலேயே சாப்பிட்டாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியவளே, இங்க வாடி தங்கம்."

வந்தாள், தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு.

"அம்மா," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இன்னும் பெரியவதானே?"

"ஆமாண்டி."

"நான் நல்லாப் பாத்துக்கிட்டேன். ஒரு நாள்கூட விடல. வேணும்னா அப்பாவக் கேளுங்க."

வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், பஸ் படியில் நின்று, எல்லா அம்மாக்களும் சொல்கிற ஒரு பேச்சை அவளும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இந்தப் பிள்ளை அதை இத்தனை நாளும் கையிலேயே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது. டெய்லர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெரியும்டா. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருந்தே பாத்தேன்," என்றாள் அவள். பெரியவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப அம்மா வந்துட்டேன்ல? சாயங்காலம் வரைக்கும் நீயும் எனக்குச் சின்னவதான். நீ யாரையும் பாத்துக்க வேணாம். ஊருக்குப் போனா அப்பா பாத்துப்பாரு. காலரப் பாக்காம, முகத்தப் பாத்துப் பாத்துப்பாரு. என்னங்க?"

"பாத்துக்கறேன்," என்றார் டெய்லர்.

பெரியவ அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறாளா, இல்லை இதுவும் விளையாட்டா என்று பார்த்தாள். பிறகு விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, தங்கச்சியின் கையை விட்டாள். விட்ட கையை என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, விக்கி விக்கி அழுது, அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

விடுபட்ட சின்னவ சிவந்துபோன தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றிவந்தாள். தண்ணீர் மெஷினைத் தொட்டாள், நாற்காலிகளைத் தொட்டாள். ஒரு சுற்றுக்கு மேல் போகவில்லை. திரும்பி வந்து, தூங்குகிற அக்காவின் கையைத் தேடி எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க. அவ தூங்கறா. நான் பாத்துக்கறேன்," என்றாள்.